தாகத்துக்குக் கோடை, மரத்துப்போவதற்குத் தண்ணீர்: தருமபுரியில் சர்க்கரை நோயின் முதல் அடையாளங்கள்

சர்க்கரை நோயின் அறிகுறிகள் என்னென்ன என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், ஓயாத பசி, காரணம் தெரியாத மெலிவு, அசதி. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் இந்தப் பட்டியல் எழுதியிருக்கிறது. இருந்தும் கால்விரலில் ஆறாத புண்ணோடும், மங்கிய பார்வையோடும் வந்த பிறகே பலருக்கு நோய் இருப்பது தெரிகிறது. பட்டியல் தெரியாததால் இப்படி நடப்பதாக நான் நினைக்கவில்லை. தருமபுரி போன்ற ஒரு மாவட்டத்தில் இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஏற்கெனவே ஒரு காரணம் தயாராக இருக்கிறது. தாகத்துக்கு வெயில், அசதிக்குக் கூலி வேலை, மெலிவுக்குக் கவலை, கால் மரத்துப்போவதற்குத் தண்ணீர், இரவில் எழுந்து போவதற்கு வயசு. இந்தக் காரணங்கள் பொய்யல்ல. இங்கே வெயிலும் உண்டு, உழைப்பும் உண்டு, தண்ணீரில் கோளாறும் உண்டு. அதனால்தான் நோய் இவற்றின் பின்னால் இத்தனை வசதியாக ஒளிந்துகொள்கிறது.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்க்கலாம். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது அதிலுள்ள சர்க்கரையை வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் அதனால் முழுவதையும் எடுக்க முடிவதில்லை. மிஞ்சியது சிறுநீரில் இறங்குகிறது, இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதாகப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். உடம்பு தண்ணீரை இழப்பதால் நாக்கு வறள்கிறது. சாப்பிட்ட சக்தி வெளியேறிவிடுவதால் பசி அடங்குவதில்லை, கொழுப்பும் தசையும் கரைகின்றன. கண்ணின் வில்லையில் நீர் ஏறி இறங்குவதால் பார்வை ஒரு வாரம் தெளிவாகவும் மறு வாரம் கலங்கலாகவும் இருக்கிறது. அந்த நேரத்தில் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதிய பவர் வாங்குகிறவர்கள், சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் அந்தக் கண்ணாடி பொருந்தாமல் போவதைக் காண்கிறார்கள்.

இந்தக் கணக்கிலிருந்து முக்கியமான ஓர் உண்மை கிடைக்கிறது. வெறும் வயிற்றில் 126 இருந்தாலே அது சர்க்கரை நோய். தாகமும் சிறுநீரும் தலைகாட்டுவதோ 180-ஐத் தாண்டிய பிறகுதான். இடைப்பட்ட தூரத்தை மனிதர் எந்த அடையாளமும் இல்லாமலே கடந்துவிடுகிறார். ஆரம்ப அறிகுறி என்று நாம் சொல்வது பலருக்கு நோய் பாதி வழி வந்த பிறகு கேட்கும் சத்தம்.

அந்தச் சத்தத்தையும் நம் ஊர் எப்படிக் கேட்கிறது? சித்திரை வைகாசியில் பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்திலோ பென்னாகரம் பக்கத்துக் கல்குவாரியிலோ வேலை செய்கிற ஒருவர் நாளுக்கு ஏழெட்டு லிட்டர் தண்ணீர் குடித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிறுநீர் எரிந்தால் "உடம்பு சூடு புடிச்சிருக்கு" என்பார்கள். அந்தரங்க இடத்தில் அரிப்பு வந்தாலும் சூடு, உள்ளங்கால் எரிந்தாலும் சூடு. சூட்டுக்கு வைத்தியம் மோரும் வெந்தயமும் என்ற அளவில் இருந்தால் கெடுதல் இல்லை. ஆனால் தாகம் தீராதபோது கை கரும்புச்சாறு, சர்பத், பாட்டில் குளிர்பானம் என்று போகிறது. சர்க்கரையால் வந்த தாகத்துக்குச் சர்க்கரையையே ஊற்றினால் தாகம் கூடுகிறது, கூடியதும் இன்னொரு பாட்டில். சில வாரங்களில் 250-இல் இருந்த அளவு 500-ஐத் தொடுவதற்கு இந்தச் சுழற்சி போதும். வெயிலின் தாகத்தையும் நோயின் தாகத்தையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. வெயிலில் வியர்த்தவருக்குச் சிறுநீர் குறையும், மஞ்சளாக இறங்கும். சர்க்கரையின் தாகத்தில் குடிக்கக் குடிக்கச் சிறுநீரும் தெளிவாக, ஏராளமாகப் போகும். நிழலுக்கு வந்த பிறகும், இரவிலும் அது ஓயாது. தூக்கத்தில் மூன்று நான்கு முறை எழ வேண்டியிருந்தால் வெயிலைக் குறை சொல்ல முடியாது.

தருமபுரிக்கே உரிய இன்னொரு மறைப்பு நிலத்தடி நீரிலிருக்கும் ஃபுளூரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு உள்ள நீரைச் சிறுவயது முதல் ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை படிகிறது. அளவு மிகுந்தால் எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. இதைத் தீர்க்கவே காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு உருவாகி 2013-இல் தொடங்கியது. அதற்கு முன் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே வளர்ந்த தலைமுறை இப்போது நாற்பதையும் ஐம்பதையும் கடந்து நிற்கிறது. சர்க்கரை நோய் வருகிற வயதும் அதுதான். முற்றிய ஃபுளூரைடு பாதிப்பில் முதுகெலும்பு நரம்பை நெருக்கினால் கையும் காலும் மதமதக்கும். சர்க்கரை நோயிலும் கால் மதமதக்கும். ஆகவே மரத்துப்போன காலோடு வருகிறவர் "எங்க ஊர்த் தண்ணி அப்படி" என்று சொல்லும்போது அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். பொதுவாகச் சர்க்கரையின் மதமதப்பு இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மேலேறும். இரவில் எரிச்சலோ ஊசி குத்துவதோ கூடும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பவர்கள் அன்றைக்கே பரிசோதனைக்குப் போக வேண்டும். அம்மன் கோயில் திருவிழாவில் தீ மிதித்துவிட்டுக் கொப்புளம் வந்தும் வலி தெரியாதிருந்தால் அதுவும் அப்படித்தான். பாதத்துக்கு உணர்ச்சி போய்க்கொண்டிருக்கலாம்.

மூட்டுவலி இன்னொரு வழியிலும் சர்க்கரையோடு வந்து சேர்கிறது. வலி பொறுக்காமல் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரைகளிலும், யாரோ போடும் ஊசிகளிலும் ஸ்டீராய்டு இருந்தால் வலி மாயமாக மறையும், ரத்தச் சர்க்கரை ஏறும். வலி மாத்திரை தொடங்கிய பிறகு தாகமும் சிறுநீரும் கூடியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், மாத்திரை அட்டையையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

சுவர் விளம்பரங்களில் பெரிதாக வராத சில அடையாளங்கள் என் கணக்கில் தாகத்தைவிடப் பயனுள்ளவை, ஏனென்றால் அவை முன்பே வருகின்றன. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் ஆவது அவற்றில் முதன்மையானது. இன்சுலின் உடம்பில் போதிய அளவு சுரந்தும் சரியாக வேலை செய்யாதபோது இது வருகிறது. சர்க்கரை இன்னும் ஏறியிராத காலத்திலேயே, பதின்வயதுப் பிள்ளைகளிடம்கூட இதைப் பார்க்கலாம். வீட்டில் இதை அழுக்கு என்றோ சங்கிலி உராய்ந்த தடம் என்றோ எண்ணி, பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்குகிறார்கள். தேய்த்துப் போகும் கறுப்பல்ல அது. கழுத்தில் சிறு சிறு மருக்கள் நிறைய முளைப்பதும் இதன் உறவுதான்.

அந்தரங்க உறுப்பில் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சை அரிப்பு இன்னொன்று. பெண்களுக்கு வெள்ளைப்படுதலோடு அரிப்பு, ஆண்களுக்கு முன்தோலில் வெடிப்பும் வெண்படலமும். இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கடையில் களிம்பு வாங்கித் தடவி மாதங்களைக் கடத்துகிறவர்கள் அதிகம். களிம்பில் ஆறி மறுபடியும் வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். ஈறு வீங்கிப் பல் ஆடுவது, அடிக்கடி கட்டி வருவது, சிறு காயம்கூட ஆற மறுப்பது எல்லாம் இந்த வரிசையில் வரும். காசநோயும் உண்டு. தமிழ்நாட்டில் காசநோய்க்குச் சிகிச்சை பெறுவோரிடம் நடத்தி 2012-இல் வெளிவந்த ஆய்வில் நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இருமலுக்காகப் போகும் இடத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அப்படியானால் அடையாளங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் நோயாளிகளின் விழித்திரைச் சேதத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 1992-இல் வெளிவந்தது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு நான்கு முதல் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது என்பது அதன் முடிவு. பிரிட்டனில் 1977 முதல் இருபது ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வில், புதிதாக நோய் தெரிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கண்ணிலோ நரம்பிலோ ரத்தக்குழாயிலோ அப்போதே சேதம் காணப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய நாடளாவிய ஆய்வு 2023-இல் வெளியானது. பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை நோய், 15.3 பேருக்கு அதற்கு முந்தைய நிலை. நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நோய் என்ற கணக்கு அதிலிருந்துதான் வந்தது. அதே ஆய்வின் முதற்கட்டம் 2011-இல் வெளியானபோது தமிழ்நாட்டு நகரங்களில் 13.7 சதவீதமும் கிராமங்களில் 7.8 சதவீதமும் இருந்தது. கிராமத்து எண் சிறியது என்று ஆறுதலடைய இடமில்லை. கண்டுபிடிக்கத் தாமதமாகும் இடம் கிராமம்தான்.

குண்டானவர்களின் நோய் என்ற எண்ணமும் தருமபுரிக்குப் பொருந்தாது. எலும்பும் தோலுமாக இருப்பவர் "எனக்கெப்படி சுகர் வரும்?" என்று கேட்பது இயல்பு. ஆனால் சிறுவயதில் போதிய உணவில்லாமல் வளர்ந்தவர்களுக்கு, மெலிந்த உடம்பிலேயே, இன்சுலின் சுரப்பு குறைந்து வரும் ஒரு வகை நோய் இருப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே பார்த்துவந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1985-இல் ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு என்று அதற்குத் தனி இடம் கொடுத்தது, 1999-இல் அந்த இடத்தை நீக்கிவிட்டது. நம் பக்கத்து வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரி ஆய்வாளர்களும் சேர்ந்து, இது முதல் வகையும் இல்லை, இரண்டாம் வகையும் இல்லை என்பதை 2022-இல் அளந்து காட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றது. பசியோடு வளர்ந்த தலைமுறை வாழும் மாவட்டங்களுக்கு இது வெறும் வகைப்பாட்டுச் செய்தி அல்ல. ஒல்லியான இளைஞர் மேலும் மெலிந்தால் "வேலை அதிகம்" என்று விட்டுவிடாமல் சர்க்கரையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஆதாரம்.

கணையத்தில் கல் சேர்ந்து வரும் சர்க்கரை நோயும் தென்னிந்தியாவில் உண்டு. இளவயதில், சாப்பிட்டதும் முதுகுக்குப் பரவும் மேல்வயிற்று வலி, எண்ணெய்ப் பிசுக்கோடு மலம், மெலிவு என்று தொடங்கி பின்னால் சர்க்கரை ஏறும். வயிற்றுவலியை அல்சர் என்று மாத்திரை தின்றே ஆண்டுகள் ஓடிவிடும். மரவள்ளிக் கிழங்கை இதற்குக் காரணமாக ஒரு காலத்தில் சந்தேகித்தார்கள், அது நிரூபணமாகவில்லை. மரவள்ளி விளையும் நம் பகுதியில் அந்தப் பழைய வதந்தியை யாரும் நம்பிப் பயப்பட வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு அடையாளம் தாமதமாக வருகிறது என்றேன். குழந்தைகளுக்கு இது அப்படியே தலைகீழ். அவர்களுக்குப் பெரும்பாலும் வரும் முதல் வகை நோயில் இன்சுலின் சுரப்பு வேகமாக நின்றுபோவதால் அடையாளங்கள் சில வாரங்களுக்குள் உரத்து எழுகின்றன, அவற்றைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்தி ஆண்டுகளான பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைத்தால், பள்ளியில் அடிக்கடி வெளியே போகக் கேட்டு ஆசிரியரிடம் திட்டு வாங்கினால், நன்றாகச் சாப்பிட்டும் சட்டை தொளதொளத்தால் அன்றைக்கே விரல் நுனி ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அடுத்த கட்டம் வாந்தி, வயிற்றுவலி, மூச்சில் பழ வாடை, இழுத்து இழுத்து ஆழமாக வாங்கும் மூச்சு, மயக்கம். வாந்தியைச் சாப்பாட்டுக் கோளாறு என்றும், வயிற்றுவலியைக் குடல்வால் என்றும், மூச்சை வீசிங் என்றும், மயக்கத்தைக் காத்துக் கருப்பு என்றும் கொண்டு தாயத்துக்கு அலையும் அந்த ஒரு நாளில் பிள்ளையை இழந்துவிடலாம். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர வேண்டிய தூரத்தை நினைத்தால், சந்தேகம் வந்த முதல் மணி நேரமே முக்கியம். ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் இந்த ஒரு பாடத்தைத் தனியாகச் சொல்லித் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெரியவர்களுக்கான சுவர் விளம்பரத்தில் இதைக் கலந்தால் எடுபடாது.

கர்ப்பகாலச் சர்க்கரையில் பெரும்பாலும் எந்த அடையாளமும் இருப்பதில்லை. இங்கே தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் முயற்சியால் 2007-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையை மாநில அரசு கட்டாயமாக்கியது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுக்கும் முறை அவருடையது. 140-ஐ எட்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை. பேருந்து மாறி வரும் கிராமத்துப் பெண்ணை வெறும் வயிற்றோடு காத்திருக்கச் சொல்லாத முறை என்பதே இதன் பெருமை. பிரசவத்துக்குப் பின் அளவு இறங்கியதும் விஷயம் முடிந்துவிட்டதாக வீட்டார் எண்ணுவதுதான் குறை. அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் நாளில் தாய்க்கும் ரத்தம் பார்த்தால் செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம்.

அடையாளம் வரும்வரை காத்திருக்க முடியாது என்றால், யாருக்கு முதலில் பார்ப்பது? மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவர் வி. மோகனும் குழுவினரும் 2005-இல் ஓர் எளிய மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். ரத்தமே வேண்டாம், ஒரு அளவு நாடா போதும். வயது 35 முதல் 49 என்றால் 20, ஐம்பதுக்கு மேல் 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தொட்டால் 10, அதற்கும் பத்து சென்டிமீட்டர் கூடினால் 20. பெற்றோரில் ஒருவருக்கு நோய் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. உடல் உழைப்போ உடற்பயிற்சியோ இல்லாதவருக்கு 30. கூட்டி 60 வந்தால் உடனே பரிசோதனை. தையல்காரரின் நாடாவை எடுத்து எந்தக் குடும்பமும் திண்ணையில் உட்கார்ந்து இதைப் போட்டுப் பார்க்கலாம். மெலிந்தவர்களின் நோயை இது பிடிக்காது என்பது இதன் எல்லை.

பரிசோதனையிலும் சில தெளிவுகள் தேவை. சிறுநீரில் சர்க்கரை இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, 180 கணக்கை மேலே பார்த்தோம். வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.5 ஆகியவை நோய்க்கான எல்லைகள். அடையாளம் ஏதுமில்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். தாகமும் மெலிவும் உள்ளவருக்கு எந்நேரத்தில் பார்த்தாலும் 200 என்றாலே போதும். ரத்தசோகை உள்ள பெண்கள் ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும்: இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சி எண்ணை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். அவர்களுக்கு ரத்தத்தில் நேரடியாகப் பார்க்கும் சர்க்கரை அளவே நம்பத்தக்கது.

நோய்க்கு முந்தைய நிலையில் கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் 2006 ஆய்வு பதில் சொல்கிறது. அந்த நிலையிலிருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் கற்றுத் தரப்பட்டவர்களில் 39.3 சதவீதத்தினருக்கு வந்தது. எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை, ஆனால் வந்திருக்க வேண்டியவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் தப்பினார்கள்.

உணவைப் பற்றி ஒன்று. தருமபுரியில் கேழ்வரகுக் களி தின்பவருக்குச் சர்க்கரை வராது என்ற நம்பிக்கை வலுவானது. 2023-இல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைச் சோதிக்க நீலகிரியோடு தருமபுரியை அரசு தேர்ந்தெடுத்தது பொருத்தமே. தீட்டிய அரிசியைவிடக் கேழ்வரகில் நார்ச்சத்து கூடுதல். என்றாலும் அதுவும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவில் கிண்டிய பெரிய உருண்டை இரண்டு தின்றால் ரத்தச் சர்க்கரை ஏறவே செய்யும். களியை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். 2004 வரை தருமபுரி மாவட்டமாக இருந்த மண் அது. பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மருந்தையும் வாசலில் தரும் இந்த ஏற்பாட்டுக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. அறிகுறியை எதிர்பார்க்காமல் நோயைத் தேடிப் போகும் இந்த முறை சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண் கதவைத் தட்டும் நேரத்தில் வீட்டில் இருப்பது வயதானவர்கள். நாற்பது வயது மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார், மருமகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். தாகத்தோடும் அசதியோடும் அங்கே இருப்பவர்களின் பெயர் எந்த ஊர்ப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அவர்கள் ஊர் திரும்பும் நாட்கள் எல்லோருக்கும் தெரியும். பொங்கல், ஊர்த் திருவிழா, ஆடிப்பெருக்கு. ஆடி பதினெட்டில் ஒகேனக்கலில் கூடும் கூட்டத்தில் விரல் நுனிச் சோதனைக்கு மேசைகள் போட்டால், சாப்பிட்டிருந்தாலும் பார்க்கலாம். 140-க்கு மேல் வந்தவரின் பெயரை ஊரோடு குறித்து, மறுநாள் காலை வெறும் வயிற்றில் சொந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லி, அந்த நிலையத்துக்கும் தகவல் அனுப்பிவிட வேண்டும். பெங்களூர் பஸ் ஏறுவதற்குள் முடிவு கையில் கிடைக்க வேண்டும். மருந்து தேவைப்பட்டால் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தனுப்ப வேண்டும்.